கவிழ்த்த அச்சு

கனாயே துணியை விலக்கி மர அச்சுகளைக் காட்டியதும் மேசையைச் சுற்றி இருந்த எங்கள் எல்லாருடைய கண்களும் மிஹோகோவின் கைக்குப் போயின. பார்க்காததுபோலப் பார்த்தோம். எங்கள் ஹிகேத்தாவில் அதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை, தாய்ப்பாலோடு வந்துவிடும். எதிர்வீட்டு ஜன்னலைப் பார்க்க வேண்டுமானால் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவோம். இன்னும் கொஞ்சம் விவரமாகப் பார்க்க வேண்டுமானால் வாசலைப் பெருக்குவோம். என் சலவைக் கடை வாசலைப்போல் சுத்தமான வாசல் இந்தத் தெருவில் வேறு கிடையாது.

மினேயா மிட்டாய்க் கடையின் பின்னறையில் ஜூலை கடைசிச் சனிக்கிழமை நடக்கிற வகுப்பு அது. ஆகஸ்ட் நடுவில் போன் பண்டிகை வரும். இறந்தவர்கள் அவரவர் வீட்டுக்கு வந்து மூன்று நாள் தங்கிப் போவார்கள். அவர்களுக்குப் படைக்கிற காய்ந்த சர்க்கரைப் பலகாரத்தைக் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம்தான். ஆனால் நம் கையால் செய்தது என்றால் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்ளலாமே. கனாயேவுக்கு நாற்பத்தைந்து இருக்கும். ஒசாகாவில் வங்கியில் உட்கார்ந்திருந்துவிட்டு அப்பா கடைக்குத் திரும்பியவள். சர்க்கரையோடும் மனிதர்களோடும் ஒரே குரலில்தான் பேசுவாள். சொன்னபடி கேட்காவிட்டால் நம்மையும் திரும்பச் சல்லடையில் போட்டுத் தேய்த்துவிடுவாளோ என்று இருக்கும்.

மேசையின் இடதுபக்கம் சின்ன அச்சுகள். தாமரை மொட்டு, சாமந்தி, இலை. அவற்றை யாரும் எடுக்கலாம். மூதாதையர் இல்லாத வீடு உண்டா. வலதுபக்கம் பைன் மரம், அலை, கொக்கு எல்லாம் விசேஷங்களுக்கு. நடுவில் மட்டும் மூன்று பெரிய அச்சுகள். இரண்டில் கையகலத் தாமரை. அவை அந்த வருஷம் சாவு கண்டு முதல் போன் கொண்டாடுகிற வீட்டுக்கு மட்டும். மூன்றாவது, வாலை நிமிர்த்திக்கொண்டிருக்கும் செம்மீன், சிவப்புச் செதில் மீன். கல்யாணம், பிள்ளைப்பேறு, தூரம் போனவர் திரும்பி வந்தது, இப்படி வாய்விட்டுச் சிரிக்கிற காரியங்களுக்கு. ஓய்வுபெற்ற தபால்காரர் தோகுஜி ஒரு பெரிய தாமரையை எடுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டார். அவர் மனைவி மார்ச்சில் போய்ச் சேர்ந்தாள். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. மிச்சம் ஒரு தாமரை, ஒரு மீன்.

மிஹோகோ கையை நீட்டித் தாமரையை எடுத்தாள்.

"மிஹோகோ, அது முதல் போன் வீட்டுக்கு உள்ளது," என்றாள் கனாயே.

"தெரியும் கனாயேக்கா. அடுத்த வருஷம் எனக்கு வேணும். வருஷத்துக்கு ஒரு வகுப்புதானே. இப்பவே கை பழகிக்கிறேன்."

மேசையின் மறுமுனையிலிருந்து ஒரு சுருங்கிய கை வந்து செம்மீன் அச்சை இழுத்துக்கொண்டது. "எனக்கு இது," என்றாள் அவளுடைய மாமியார் ஹிசானோ. "என் மவன் வர்ற அன்னிக்கு வேணும். எனக்கும் கை பழகணும்."

கனாயே இரண்டு பேரையும் பார்த்தாள். பிறகு அறைக் குளிர்சாதனத்தின் விசையை இன்னும் இரண்டு கோடு குறைத்தாள்.

மிஹோகோவின் புருஷன் கோஹெய் காணாமல்போய் ஒன்பது வருஷம் ஆகிறது. ஹமாச்சி மீன் பண்ணையில் வேலை. அதிகம் பேசமாட்டான், வலது தோள் கொஞ்சம் தாழ்ந்திருக்கும், தீவன மூட்டை தூக்கித் தூக்கி. ஓர் அக்டோபர் காலையில் வழக்கம்போல் சைக்கிளில் கிளம்பினான். சைக்கிள் சன்போன்மட்சு ஸ்டேஷனில் பூட்டியபடி கிடைத்தது, பின்னால் குடையோடு. கடிதம் இல்லை. சண்டை இல்லை. சண்டை இருந்திருந்தால் எனக்குத் தெரியாமல் போயிருக்காது. அவன் பெண்டாட்டி கையுறைத் தொழிற்சாலையில் விரல் இடுக்குத் தைக்கப் போய்வந்துகொண்டிருந்தாள், மாமியாரோடு அதே வீட்டில். ஒவ்வொரு வசந்தத்திலும் கோஹெய்யின் குளிர்காலக் கோட்டை என் கடையில் சலவைக்குப் போடுவாள். யாரும் போடாத கோட்டில் என்ன அழுக்கு இருக்கும்? எட்டு வருஷம் வாங்கிப் போட்டேன், ஒன்றும் கேட்கவில்லை. இந்த வசந்தத்தில் கோட்டு வரவில்லை. ஜூன் மாதம் அவளுடைய கறுப்புத் துக்க கிமோனோ வந்தது. அவர்கள் உறவில் யாரும் சாகவில்லை. துணி பேசுகிறமாதிரி மனுஷர்கள் பேசுவதில்லை.

ஹிசானோ வேறு மாதிரி. ஊரை விட்டுப் போனவன் பத்திரமாக இருக்க வேண்டுமென்று அவனுடைய இடத்தில் தினமும் சாப்பாட்டுத் தட்டு வைப்பது எங்களிடம் உண்டு. போருக்குப் போனவனுக்கு வைத்தார்கள், கடலுக்குப் போனவனுக்கு வைத்தார்கள். சோற்றுக் கிண்ணத்தை மூடி வைத்து, பிறகு திறக்கும்போது மூடியின் உள்ளே நீர் முத்து கோத்திருந்தால் ஆள் நலம். ஹிசானோ ஒன்பது வருஷமாக ஒருநாள் தவறாமல் மூடியைத் திறந்து பார்த்து, பார்த்ததைத் தெருவுக்கும் சொல்லிவிடுவாள். "இன்னிக்கும் முத்து முத்தா." மீன்காரியிடம் சொல்வாள், என்னிடம் சொல்வாள், பஸ்ஸுக்கு நிற்கிற பள்ளிப் பிள்ளைகளிடம் சொல்வாள். உயிரோடு இருக்கிறவனுக்குத் தட்டு, இறந்தவனுக்குத் தாமரை. ஒரே வீட்டில் இரண்டும் ஆகாது.

இதில் என் பங்கு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் மற்றவர்கள் கதையைச் சொல்வது எனக்குக்கூடக் கூச்சமாக இருக்கிறது.

நான்கு வருஷத்துக்கு முந்தைய நவம்பரில் பல் வைத்தியரைப் பார்க்கத் தகாமட்சு போயிருந்தேன். ஊசி போட்டு வாயில் பாதி மரத்துப்போயிருந்தது. மீதிப் பாதியும் மரத்திருந்தால் ஒருவேளை நல்லதாயிருந்திருக்கும். படகுத்துறையில், ஷோதோ தீவுக்குப் போகிற வரிசையில் ஒரு முதுகு. சாம்பல் நிறக் கோட்டு. வலது தோள் தாழ்ந்திருந்தது. நான் பார்க்கும்போதே படகுக்குள் போய்விட்டது. அவ்வளவுதான். ஊர் திரும்பி முதல் ஆளிடம் முதுகு என்றுதான் சொன்னேன். மூன்றாவது ஆளிடம் சொல்லும்போது பக்கவாட்டில் கொஞ்சம் தெரிந்தான். வாரம் முடிவதற்குள் திரும்பிப் பார்த்தான். புத்தாண்டுக்குள் என்னைக் கண்டு தலைகுனிந்து வணக்கம் சொல்லிவிட்டுத்தான் படகேறினான். பொய் சொல்கிறோம் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. சட்டைக்கு இஸ்திரி போடுகிறமாதிரிதான். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு சுருக்கம் போகும்.

கேள்விப்பட்டு ஹிசானோ கடைக்கு வந்தாள். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "மெலிஞ்சிருந்தானா?" என்று கேட்டாள். பெற்றவள் அப்படிக் கேட்டால் என்ன சொல்வது? "இல்ல, கொஞ்சம் பூசினாப்லதான் இருந்தார்," என்றேன். அன்று அவள் என் கடையிலிருந்து போன நடையை இன்றைக்கும் மறக்கவில்லை. எழுபது தாண்டியவள், சின்னப் பெண்போலப் போனாள்.

வகுப்புக்கு முந்தைய நாள் மிஹோகோ கடைக்கு வந்து கவுண்டரில் இரண்டு கையையும் வைத்து நின்றாள். துணி எதுவும் கொண்டுவரவில்லை.

"ஷிகேகோக்கா, ஒண்ணு கேக்கணும். நீங்க அவர் மொகத்தைப் பாத்தீங்களா?"

"இப்ப எதுக்கு அதெல்லாம்?"

"வியாழக்கிழமை குடும்பக் கோர்ட்லேந்து விசாரிக்க ஆள் வர்றாங்க. காணாமப்போய் ஏழு வருஷம் ஆனா, இறந்துட்டதா அறிவிக்கலாமாம். எங்களுக்கு ஒம்பது ஆச்சு. ஆனா உயிரோட கடைசியா யார் பாத்தாங்களோ அந்த நாள்லேந்துதான் எண்ணுவாங்க. அவரோட அம்மா உங்க பேரைத்தான் சொல்லப்போறாங்க."

எனக்குக் கணக்கு வராது. ஆனால் ஏழில் நாலு போனால் மூன்று என்பது வந்தது.

"விவாகரத்துன்னா எப்பவோ கெடைச்சிருக்குமே," என்றேன். "ஊர்ல எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

"ஊர்ல எல்லாரும் சொல்றது எனக்குத் தெரியும்க்கா. உங்க கடையில நின்னுதானே சொல்றாங்க." குரலை உயர்த்தாமல் சொன்னாள். "அவரை விட்டுட்டுப் போக நான் வழி கேக்கல. வாசல்ல ஒரு வெள்ளை விளக்கு கட்டணும். அதுக்குத்தான்."

முதல் போன் வீட்டு வாசலில் மட்டும் தொங்குகிற வெள்ளைக் காகித விளக்கைச் சொன்னாள். புதிதாய்ப் போனவர்களுக்கு வீட்டுக்கு வழி தெரியாது என்பதற்காகக் கட்டுவது.

"மொகத்தைப் பாத்தீங்களா இல்லையா, அது மட்டும் சொல்லுங்க."

அந்த நேரத்துக்குச் சரியாக முடிதிருத்தும் கடைக்காரரின் மனைவி ஒரு கூடை திரைச்சீலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். வாழ்நாளில் அவளைக் கண்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. "அப்புறமாப் பேசலாம் மிஹோகோ," என்றேன். அவள் தலைகுனிந்துவிட்டுப் போனாள். அன்று முழுக்க வாசலைப் பெருக்கவில்லை நான்.

இப்போது அதே மிஹோகோ எனக்கு நேர் எதிரே உட்கார்ந்து, கிண்ணத்துச் சர்க்கரைமேல் தண்ணீரைப் புகையாகத் தெளித்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊர்ச் சர்க்கரை முழு வெள்ளை கிடையாது. கழுவிக் கழுவிப் பழசான பருத்தித் துணியின் நிறம். தண்ணீர் பட்டதும் இரண்டு உள்ளங்கைக்கு நடுவே அதைத் தேய்க்க வேண்டும், ஈரம் ஒரே சீராகப் பரவும்வரை.

"மழை நாளு," என்றாள் கனாயே எங்கள் பின்னால் நடந்தபடி. "சர்க்கரை காத்துலேந்தே தண்ணி குடிச்சிருக்கு. வழக்கமா விடுறதுல பாதி போதும். கையில பிடிச்சா உருண்டை நிக்கணும். விரலால குத்தினா பொலபொலன்னு உடையணும். ரெண்டும் நடக்கணும். தோகுஜி ஐயா, அது ரொட்டி மாவு இல்ல."

"என் வீட்டுக்காரிக்குச் சர்க்கரை வியாதி," என்றார் தோகுஜி, கை ஓயாமல். "இருபது வருஷம் ஒரு துண்டு திங்க விடல நான். ஒளிச்சு ஒளிச்சு வெச்சேன். இப்ப கையகலத்துக்குச் செஞ்சு வைக்கிறேன். வந்து பாத்து என்ன திட்டு திட்டப்போறாளோ."

"திட்டமாட்டாங்க. முதல்ல திங்கட்டும், அப்புறம் திட்டட்டும்," என்றேன். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிரிப்பு வந்த வேகத்தில் அடங்கியது, ஹிசானோ தேய்ப்பதை நிறுத்தியிருந்தாள்.

"நானும் இன்னிக்குக் காலைல மூடியைத் தொறந்தேன்," என்றாள் அவள் யாரையும் பார்க்காமல். "முத்து முத்தா இருந்தது."

வழக்கம்போல நாங்கள் தலையாட்டினோம். "நல்லது, நல்லது" என்று முணுமுணுத்தோம். ஒன்பது வருஷமாக எங்களுக்கு அது காலநிலை அறிவிப்பு மாதிரி.

"அம்மா," என்றாள் மிஹோகோ. சல்லடையில் சர்க்கரையைக் கொட்டித் தேய்த்துக்கொண்டே பேசினாள். மெல்லிய தூறலாகத் தட்டில் விழுந்துகொண்டிருந்தது. "மே மாசத்துலேந்து அந்தக் கிண்ணத்துல நான் ஆறின சோறுதான் வைக்கிறேன். ராத்திரி மிஞ்சினது. குளிர்பெட்டிலேந்து எடுத்து அப்படியே."

தட்டின் ஓரத்தில் சல்லடையை ஒருமுறை தட்டினாள்.

"மூடி எப்படிம்மா வேர்க்கும்?"

ஹிசானோ நிமிரவில்லை. விரல் நுனியில் இருந்த ஈரத்தை மடியிலிருந்த துணியில் துடைத்தாள். ஒவ்வொரு விரலாக, கட்டைவிரல்வரை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டவள்போல் நான் என் சர்க்கரைக்குக் குனிந்தேன். எனக்கே புதிதாக இருந்தது.

"அச்சுல போட ஆரம்பிங்க," என்றாள் கனாயே, குரல் வழக்கத்தைவிட ஒரு பிடி தாழ்ந்து. "போட்டதும் அழுத்தி, மேலே வழிச்சு, கவுத்துத் தட்டிடணும். நடுவுல நிறுத்தாதீங்க. சர்க்கரை அச்சுல உக்காந்துடக் கூடாது. உக்காந்துட்டா எந்திரிக்காது."

நான் நாலு சாமந்தி உள்ள சின்ன அச்சை எடுத்திருந்தேன், பதினோரு வருஷத்துக்கு முன்னால் போன என் வீட்டுக்காரருக்கு. உயிரோடு இருந்தபோதே மூன்று நாளைக்கு ஒரு வார்த்தை பேசுவார். நான் பேசுவதில் அவருக்கு இடமில்லை என்று ஊரில் சொல்வார்கள். சர்க்கரையை அள்ளிக் குழிகளில் போட்டுக் கட்டைவிரலால் அழுத்தினேன். இதழ்களின் கோடுகள் மரத்துக்குள் தலைகீழாய், குழிவாய்ச் செதுக்கியிருக்கும். அழுத்தம் குறைந்தால் நுனி உதிரும், கூடினால் விடாது.

"ஷிகேகோ."

ஹிசானோ கூப்பிட்டாள். அவளும் செம்மீன் அச்சை நிரப்பியிருந்தாள். கனாயே அவளுக்குக் கொஞ்சம் சிவப்புச் சாயம் கலந்த சர்க்கரையைக் கொடுத்திருந்தாள்.

"நீ சொல்லு. இவளுக்கு என் பேச்சுல நம்பிக்கை இல்ல. கோர்ட்டுக்காரன் வர்றான் வியாழக்கிழமை, அவன்கிட்டயும் நீதான் சொல்லணும். படகுத்துறையில என் மவன் ஒனக்கு வணக்கம் சொன்னானா இல்லையா?"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. இந்த ஊரில் நான் பேசி மற்றவர்கள் கேட்பது புதிதல்ல. ஆனால் இப்படிக் கேட்டதில்லை. மிஹோகோ மட்டும் என்னைப் பார்க்கவில்லை. தாமரை அச்சுமேல் மூங்கில் தகட்டை வைத்து, மிஞ்சிய சர்க்கரையை மெதுவாக வழித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை நடுங்கியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நடுங்கவில்லை. நான் என்ன சொல்வேன் என்பதை அவள் ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டு, அதற்கு மூன்று வருஷம் ஒதுக்கியும் விட்டாள் என்று தோன்றியது. இன்னும் மூன்று வருஷம் குளிர்பெட்டிச் சோறு, இன்னும் மூன்று வருஷம் ஈர மூடி, ஒருவர் நனைத்ததை ஒருவர் துடைக்காமல்.

என் கட்டைவிரலுக்குக் கீழே சர்க்கரை இறுகுவது தெரிந்தது. 'ஆமா, சொன்னார்' என்பது இரண்டே வார்த்தை. நாக்கில் தயாராக இருந்தது. நாலு வருஷமாகப் பழகிய இடம். அதைச் சொன்னால் ஹிசானோ இன்றைக்கும் அந்தச் சின்னப் பெண் நடையோடு வீட்டுக்குப் போவாள். சொல்லாவிட்டால் நாளைக்கு என் கடையில் நின்று யார் எதைக் கேட்டாலும், "அதுவும் படகுத்துறை மாதிரியா?" என்று ஒரு சிரிப்பு வரும், சாகும்வரை. வெட்கக்கேடாக, முதலில் நினைவுக்கு வந்தது இதுதான்.

"முதுகு," என்றேன்.

"என்ன?"

"முதுகைத்தான் பாத்தேன். வேற ஒண்ணும் பாக்கல."

குளிர்சாதனம் ஒருமுறை இருமிவிட்டு ஓடியது.

"தோள் தாழ்ந்திருந்ததுன்னு சொன்னியே," என்றார் தோகுஜி. எனக்கு உதவுவதாக அவருக்கு நினைப்பு.

"தாழ்ந்திருந்தது. மூட்டை தூக்குறவங்க எல்லாருக்கும் தாழ்ந்துதான் இருக்கும். உங்களுக்கும்தான் தாழ்ந்திருக்கு, நாப்பது வருஷம் தபால் பை தூக்கி."

தோகுஜி தன் தோளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

ஹிசானோ என்னைப் பார்த்தபடியே இருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் நாலு பேரிடம் சொல்லி ஆறியிருப்பேன்.

"பூசினாப்ல இருந்தான்னு சொன்னே," என்றாள்.

"கோட்டு அப்படி இருந்ததுக்கா. தடிமனான கோட்டு."

அவள் அதை யோசித்தாள்.

"அப்ப மெலிஞ்சும் இருக்கலாம்," என்றாள்.

மிஹோகோ முதல்முறையாகத் தலைநிமிர்ந்து மாமியாரைப் பார்த்தாள். ஜெயித்தவள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஊராட்சித் தேர்தல், பள்ளி விளையாட்டு விழா, எல்லாம் பார்த்திருக்கிறேன். அதில் ஒன்றும் அங்கே இல்லை. அவள் தன் அச்சைப் பலகைமேல் கவிழ்த்தாள். குச்சியால் அச்சின் ஓரத்தில் இரண்டு தட்டு. தூக்கினாள். தாமரை முழுசாக விழுந்திருந்தது, எட்டு இதழும் நடுவிலிருந்த விதைப்புள்ளியும் ஒரு தூள் உதிராமல். கனாயே வாய்திறந்து பாராட்டுகிற வழக்கம் கிடையாது, "ம்" என்றாள். தோகுஜியின் தாமரையில் ஓர் இதழ் அச்சிலேயே தங்கிவிட்டது. "ஒண்ணைக் கடிச்சுட்டா போலிருக்கு, வந்துட்டா," என்றார். இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை, அவர் கண்ணும் சிரிக்கவில்லை. நான் என்னுடையதைக் கவிழ்த்துத் தட்டினேன். நாலில் மூன்று வரவில்லை. நான் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் உட்கார்ந்துவிட்டிருந்தன.

ஹிசானோவின் செம்மீன் பலகைமேல் கவிழ்ந்திருந்தது. குச்சி அவள் வலது கையில். தட்டவில்லை.

"இப்பத் தட்டணும் ஹிசானோம்மா," என்றாள் கனாயே. "நேரமானா மரம் விடாது."

ஹிசானோ குச்சியைக் கீழே வைத்தாள். அச்சின் முதுகில் உள்ளங்கையைப் பரப்பி வைத்தாள், காய்ச்சல் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல.

"நான் தட்டட்டுமா?"

"வேணாம். இப்படியே இருக்கட்டும்."

கனாயே நின்றாள். அடியில் மீன் முழுசாக விழுந்திருக்கிறதா, வால் உடைந்திருக்கிறதா, மரத்தோடு ஒட்டிக்கொண்டு இன்னும் உள்ளேயே இருக்கிறதா, தூக்கிப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. இந்த ஊரில் நான் திறந்து பார்க்காத மூடி குறைவு. அன்று என் கழுத்து அசையவில்லை.

மற்றவர்கள் தங்கள் பலகாரங்களைக் காகிதம் விரித்த பெட்டிகளில் அடுக்க ஆரம்பித்தார்கள், சத்தமில்லாமல், சாவு வீட்டில் பாத்திரம் எடுத்து வைப்பதுபோல. மிஹோகோ எழுந்து மேசையைச் சுற்றி வந்தாள். மாமியாருக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, பலகைக்கும் அச்சுக்கும் நடுவே ஒரு கெட்டி அட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளினாள். ஹிசானோ கையை எடுக்கவில்லை, தடுக்கவும் இல்லை. அட்டை முழுசாக உள்ளே போனதும், தன் பையிலிருந்த சதுரத் துணியை எடுத்து அச்சையும் அட்டையையும் சேர்த்துக் கட்டினாள். தையற்காரியின் முடிச்சு, இறுக்கமாகவும் இல்லை, தளர்வாகவும் இல்லை.

"வீட்டுல போய்த் தட்டிக்கலாம்மா," என்றாள்.

மினேயாவின் அச்சுகள் கடைவாசலைத் தாண்டக் கூடாது. கனாயேவின் பாட்டனார் காலத்துச் சட்டம் அது. பக்கத்து ஊர்க் கோயிலுக்குக்கூடக் கொடுத்ததில்லை; கேட்டு அவமானப்பட்டவர்களை எனக்குப் பெயரோடு தெரியும். கனாயே வாயைத் திறந்தாள். மூடினாள்.

"வியாழக்கிழமை எனக்கு அது வேணும்," என்றாள் கடைசியில். "ஒரு கல்யாண ஆர்டர் இருக்கு."

"அதுக்குள்ள கொண்டுவந்துடுறோம்," என்றாள் மிஹோகோ.

ஹிசானோ தன் செருப்பைத் தேடி மாட்டிக்கொள்வதற்குக்கூட மூட்டையைக் கீழே வைக்கவில்லை. மிஹோகோதான் குனிந்து செருப்பைத் திருப்பி வைத்தாள்.

நான் அவர்களுக்கு முன்னாலேயே தெருவைக் கடந்து கடைக்கு ஓடி, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். மழையில் வாசல் பெருக்குகிறவளைப் பார்த்து முடிதிருத்தும் கடையிலிருந்து ஒரு தலை நீண்டது. வந்த வேகத்தில் உள்ளே போனது. செய்தி இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. அரைமணி நேரத்தில் சேர்ந்துவிடும். வியாழக்கிழமை விசாரிக்க வருகிறவர் என் கடைக்கும் வருவார். அவருக்குத் தேநீர் கொடுக்க வேண்டும். அவர் என்னைவிட நன்றாகக் கேள்வி கேட்பாரா என்று பார்க்க வேண்டும்.

அவர்கள் வெளியே வந்தார்கள். மிஹோகோவின் தாமரைப் பெட்டி அவள் கைப்பைக்குள் போயிருந்தது, வெளியே தெரியவில்லை. ஹிசானோ இரண்டு கைகளாலும் மூட்டையை மார்புயரத்தில் பிடித்திருந்தாள், விளிம்புவரை சூப்பு நிரம்பிய கிண்ணத்தைக் கொண்டுபோவதுபோல, ஓர் அடி வைத்து, பார்த்து, அடுத்த அடி வைத்து. என்னைத் தாண்டும்போது இரண்டு பேரும் தலைகுனிந்தார்கள். நானும் குனிந்தேன். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பிறகு அவர்கள் மீன் சந்தைப் பக்கம் திரும்பினார்கள். யாராவது கேட்டால் நான் பார்த்தது இவ்வளவுதான். இரண்டு முதுகு. ஒன்றில் வலது தோள் தாழ்ந்திருந்தது, குடையைச் சாய்த்துப் பிடித்ததால். ஒரே ஒரு குடை. அது இரண்டு பேர் தலைமேலும் இல்லை, முழுக்க அந்த மூட்டைக்கு மேல் இருந்தது.